விக்டோரியன் ஸ்டீம்பங்க் காதல் தொடர்: பாய்லர் கட்டும் நாயகிக்கு எந்த ஆண்டு, என்ன சண்டை?

நீராவிக்காரி (கேள்வி)

விக்டோரியா காலத்து லண்டனில் நடக்கும் ஸ்டீம்பங்க் (நீராவி இயந்திரங்களைச் சுற்றிய கற்பனை) மாயக் காதல் தொடர். திட்டம் இருபது அத்தியாயம், மூன்று முடிந்திருக்கிறது. நாயகிக்கு வயது 27. சொந்தப் பட்டறையில் நீராவி வண்டி கட்டுகிறாள். நாயகன் வழக்கம்போல ஒரு டியூக். எழுத்தில் நக்கல் வேண்டும், பேய் பிசாசும் வேண்டும்.

முதல் வாசகர்கள் சொன்ன குறைகள் மூன்று. நாயகி இன்றைய பெண்ணுக்குக் கார்செட் (இடுப்பை இறுக்கும் அந்தக் கால உள்ளுடுப்பு) மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறாள். இரண்டு பேரும் ஏன் சண்டை போடுகிறார்கள் என்றே தெரியவில்லை. இயந்திரங்கள் பித்தளைப் பளபளப்போடு நிற்கின்றன, வேலை செய்வதாகத் தோன்றவில்லை.

ஆண்டை இன்னும் முடிவு செய்யவில்லை, "1800-களின் பிற்பகுதி" என்று மட்டும் வைத்திருக்கிறேன். சட்டம், பாய்லர், உடை தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

சட்டப்பொடி

முதல் வேலையாக அந்த டியூக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பணக்காரன் ஒருவனுக்கும் பாய்லர்காரி ஒருத்திக்கும் சண்டை வர அவன் திமிரைத் தவிர வேறு காரணம் கிடைக்காது. திமிர் மூன்று அத்தியாயத்துக்கு மேல் தாங்காது.

ஆண்டை 1882 என்று வையுங்கள். அந்த ஒரே ஆண்டில் உங்கள் கதைக்கு வேண்டிய சட்டங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன.

ஒன்று, பாய்லர் வெடிப்புச் சட்டம், 1882. பாய்லர் வெடித்தால் 24 மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் அரசின் வணிகத் துறையான போர்டு ஆஃப் ட்ரேடுக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் பாய்லர் வேலை தெரிந்த, சம்பந்தமில்லாத பொறியாளர் ஒருவரை முதற்கட்ட விசாரணைக்கு அனுப்பலாம். தேவைப்பட்டால் முறையான விசாரணை வரும், அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்பதையும் அங்கேயே தீர்மானிப்பார்கள். உங்கள் நாயகன் அந்தப் பொறியாளர். அவன் "சம்பந்தமில்லாதவன்" ஆக இருந்தாக வேண்டும் என்பது சட்டம். காதலுக்குத் தடை தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே பயன்படும் பாய்லருக்கு இது செல்லாது. நாயகி அதைப் படித்திருப்பாள்.

இரண்டு, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். 1882 ஆகஸ்ட் 18-ல் ஒப்புதல் பெற்றது, நடைமுறைக்கு வந்தது 1883 ஜனவரி 1. அதற்கு முன் கல்யாணம் செய்தால் மணமகளின் கையிலிருக்கும் அசையும் சொத்து பொதுச்சட்டப்படி கணவன் கைக்குப் போகும். 1870-லேயே ஒரு சட்டம் வந்ததே என்று வாசகர் ஒருவர் நிச்சயம் கேட்பார். அது மனைவி கல்யாணத்துக்குப் பிறகு தனியாகச் சம்பாதிப்பதைக் காத்தது. கன்னியாக இருந்தபோது வாங்கிய காப்புரிமையைக் காக்கவில்லை. ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ மணந்தால் முன்பு வைத்திருந்ததும் அவளுடையதே. ஆக, அக்டோபரில் அவன் கேட்கிறான், அவள் "ஜனவரியில் கேளுங்கள்" என்கிறாள். அவனுக்குக் காரணம் புரிய நான்கு அத்தியாயம் எடுக்கலாம்.

இன்னொரு கேள்வியும் வரும். பணக்கார வீடுகளில் அறங்காவலர்களை வைத்து மகளுக்குத் தனிச் சொத்தாக எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கதவை அடைத்துவிடுங்கள்: அறங்காவலராக நிற்கக்கூடிய ஒரே ஆள் பட்டறையை விற்கத் துடிக்கும் சித்தப்பா.

மூன்று, காப்புரிமைக் கட்டணம். அன்றைய விதிப்படி ஆரம்பத்தில் 25 பவுண்டு, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 50, ஏழாம் ஆண்டு முடிவதற்குள் 100. கட்டத் தவறினால் உரிமை செத்துப்போகும். 1880 ஜனவரி முதல் வாரத்தில் அவள் வாங்கியிருந்தால் 50 பவுண்டுக்கான கெடு 1883 ஜனவரி முதல் வாரம். ஒரு பணிப்பெண்ணின் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் வரும் தொகை. வெடித்த பாய்லரும் விசாரணைச் செலவும் இந்தக் கெடுவும் ஒரே டிசம்பரில் மோதட்டும். (1884 முதல் ஆரம்பக் கட்டணம் 4 பவுண்டாகக் குறைந்தது. ஆண்டைத் தள்ளிப்போட்டால் இந்த நெருக்கடி கரைந்துவிடும்.)

கல்யாண நாள்: 1883 ஜனவரி 1 திங்கட்கிழமை. தேவாலயத் திருமணம் காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் நடக்க முடியும், மாலை 3 வரை நீட்டித்தது 1886-ல். மூன்று ஞாயிறு தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு (ஓலை) வாசிக்க வேண்டும், வாசித்தது மூன்று மாதம் செல்லும். நேரமும் இடமும் பார்க்காமல் மணக்க வேண்டுமென்றால் கேன்டர்பரி பேராயரின் சிறப்பு உரிமம் வேண்டும், அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நிலா வெளிச்சக் கல்யாணம் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

---

வால்வு

பாய்லர் பக்கம் நான் சொல்கிறேன்.

பித்தளையில் பாய்லர் செய்ய மாட்டார்கள். உடல் இரும்பு அல்லது எஃகுத் தகடு, தீப்பெட்டி (பாய்லருக்குள் நிலக்கரி எரியும் அறை) பல இடங்களில் செம்பு. பித்தளை குழாய்த் திருகுகளுக்கும் வால்வு உறைகளுக்கும்தான். பட்டறையின் வாசனை உருகிய மாட்டுக்கொழுப்பு: சிலிண்டருக்கு அதைத்தான் ஊற்றுவார்கள், 1882-ல் கனிம எண்ணெயும் வந்துவிட்டது. நாயகனின் கோட்டில் அந்த நாற்றம் ஏறி, போகாமல் இருப்பது நல்ல நகைச்சுவை.

பெரும்பாலான ஸ்டீம்பங்க் கதைகள் தடுக்கி விழுவது நேரத்தில். தீ மூட்டியதும் வண்டி ஓடாது. சிறிய செங்குத்து பாய்லர் குளிர்ந்த நிலையிலிருந்து அழுத்தம் ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு எரித்தால் தகடு சீராக விரியாமல் குழாய் முனைகள் ஒழுகும். எனவே "தாவி ஏறித் தப்பினாள்" காட்சி வேண்டுமென்றால் முந்தைய இரவே தீயைச் சாம்பலால் மூடி வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டாலும் நல்லதே: எதிரி வரும் வரை ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும், பேசாமல் முடியாது.

தண்ணீர்க் கணக்கு: 10 குதிரைத்திறன் கொண்ட சாதாரண எஞ்சினுக்கு மணிக்குச் சுமார் 300 பவுண்டு நீராவி, அதாவது 30 காலன் தண்ணீர், 40 முதல் 45 பவுண்டு நிலக்கரி. வண்டியை நிறுத்தப்போவது பெரும்பாலும் தண்ணீர்தான். குளமோ ஓடையோ கண்டு இறங்கித்தான் ஆக வேண்டும். காட்சிகளுக்கு இடம் தேடுபவர்கள் இதைக் கணக்கிட்டாலே போதும்.

இனி வெடிப்பு. "மர்மமான வெடிப்பு" என்று விட்டுவிடாதீர்கள். வந்திருப்பவன் பொறியாளன், அவன் தகட்டைப் படிப்பான். தண்ணீர் குறைந்து தீப்பெட்டியின் கூரை காய்ந்திருந்தால் தகடு நீலம் பாய்ந்து, மெலிந்து, புடைத்துக் கிழிந்திருக்கும். அரிப்பால் போனதென்றால் தகடுகள் இணையும் தையல் ஓரமாகப் பள்ளம் விழுந்து அந்தக் கோட்டிலேயே பிளந்திருக்கும். முதல் வகை கவனக்குறைவு அல்லது சதி. இரண்டாவது வகை பராமரிப்புக் குறை.

சதிக்கு, அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வில் எடை கட்டுவது எல்லோரும் எழுதுவது. நெம்புகோல் வகைப் பாதுகாப்பு வால்வில் கூடுதல் எடை தொங்கவிடலாம், உண்மைதான். ஆனால் எடைக்குப் பதில் சுருள்வில்லால் அழுந்தும் ராம்ஸ்பாட்டம் வால்வு 1855-லிருந்தே இருக்கிறது, அதை அப்படி ஏமாற்ற முடியாது. இவள் விவரமானவள் என்றால் அதைத்தான் போட்டிருப்பாள்.

இதைவிட நைச்சியமான சதி நீர்மட்டக் கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடிக் குழாயை பாய்லரோடு இணைக்கும் கீழ்த் திருகை மூடிவிட்டால் உள்ளே நின்ற தண்ணீர் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கு மட்டம் சரியாக இருப்பதாகத் தோன்றும், பாய்லரோ காய்ந்துகொண்டிருக்கும். கண்டுபிடிக்கும் வழி: ஓடும் பாய்லரில் மட்டம் மேலும் கீழும் துள்ளும். அசையாமல் நிற்கும் தண்ணீர் பொய். நாயகி பேச்சின் நடுவே கண்ணாடியைப் பார்க்கிறாள், தண்ணீர் ஆடவில்லை. அத்தியாயத்தை அங்கே நிறுத்தலாம்.

ஃப்யூசிபிள் பிளக் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். அது ஈயம் நிரப்பிய திருகாணி, கூரைத் தகட்டில் இருக்கும். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி நீராவி தீயின் மேல் பாயும். உப்புப் படிவு மூடியிருந்தால் உருகாமலே போகும். அந்தப் படிவைச் சுரண்டாமல் விட்டது அவள் தப்பு என்று வையுங்கள். சதியும் நடந்தது, அவளும் முழுக்க நிரபராதி இல்லை. அவன் அறிக்கையில் இரண்டையும் எழுதியாக வேண்டும். முத்தத்துக்கு முன் வரக்கூடிய நல்ல சண்டை இதுதான்.

மட்டம் கண்ணுக்கே தெரியாவிட்டால் குளிர்ந்த தண்ணீரை உள்ளே விடக் கூடாது. தீயை வாரிக் கொட்ட வேண்டும். வீரமாக பம்ப்பைத் திருகும் நாயகனை எழுதாதீர்கள், அவனைத் தள்ளிவிட்டுத் தீயை வாருவது அவள் வேலை.

---

நீராவிக்காரி

டியூக் போயே போய்விட்டார். இரண்டு சந்தேகம். வண்டிக்கு முன்னால் 60 கெஜம் தள்ளிச் சிவப்புக் கொடியோடு ஒருவர் நடக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததே, அந்த வேலையை நாயகனுக்குக் கொடுக்கலாமா? கடைசியில் நீராவி விமானக்கப்பலில் தப்பிக்க வைக்கலாமா?

---

நாலு மைல்

கொடுக்கலாம், ஆனால் உங்கள் ஆண்டுக்கு அளவு வேறு. 60 கெஜமும் சிவப்புக் கொடியும் 1865 சட்டம். 1878 திருத்தத்தில் தேசியச் சட்டத்திலிருந்து கொடி போனது, தூரம் 20 கெஜமாகக் குறைந்தது, முன்னால் நடக்கும் ஆள் மட்டும் 1896 வரை இருந்தார். உங்களுக்கு இதுதான் வசதி. 60 கெஜத்தில் யாரும் காதல் வசனம் பேச முடியாது. 20 கெஜம் என்பது ஏறக்குறைய 18 மீட்டர், கத்தினால் கேட்கும், தெரு முழுக்கவும் கேட்கும்.

மற்ற விதிகள்: நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டிக்குக் குறைந்தது மூன்று பேர், அவர்களில் ஒருவர்தான் முன்னால் நடப்பவர். மீதி இரண்டு பேர் வண்டியில். ஆகவே துணைக்கு வரும் அத்தையை எங்கே உட்கார வைப்பது என்ற கவலை உங்களுக்கு இல்லை, சட்டமே அவரை வண்டியில் ஏற்றிவிட்டது. நிலக்கரி போடுவது யார் என்றால் அத்தைதான்.

சாலையில் விசில் ஊதவே கூடாது. குதிரையோடு யாராவது கண்ணுக்குத் தெரிந்தால் சிலிண்டர் வடிதிருகுகளைத் திறக்கக் கூடாது. பாய்லர் விவரம் சொன்ன வால்வு என்பவருக்கு இது புரியும்: குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகித் தேங்கும், கிளப்பும்போது வடிதிருகைத் திறந்து வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதி சிலிண்டர் மூடியே உடையும். திறந்தால் குற்றம், திறக்காவிட்டால் எஞ்சின் போச்சு. லண்டன் தெருவில் குதிரை இல்லாத நிமிடம் ஏது? முற்றத்துக்குள்ளேயே சூடாக்கிவிட்டு வெளியே வர வேண்டும், வழியில் நிறுத்தவே கூடாது. சட்டம் தெரிந்த அரசாங்கப் பொறியாளன் முன்னால் நடந்துபோகிறான், பின்னால் அவள் திருகைத் திறக்கும் சீறல் கேட்கிறது, அவன் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறான். காதல் வந்துவிட்டது என்று வாசகருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

விமானக்கப்பல்: 1852 செப்டம்பர் 24-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஜிஃபார் தன் நீராவி விமானக்கப்பலில் பாரிஸிலிருந்து ட்ராப் வரை 27 கிலோமீட்டர் பறந்தார். எஞ்சின் 3 குதிரைத்திறன், வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், காற்றை எதிர்த்துத் திரும்பிவர முடியவில்லை. புகைபோக்கியைக் கீழ்நோக்கி வளைத்திருந்தார், தீப்பொறி மேலே ஹைட்ரஜனில் படாமல் இருக்க. படத்தில் வரைபவர்கள் எல்லோரும் புகைபோக்கியை மேலே வைப்பார்கள், நீங்கள் வைக்காதீர்கள்.

தப்பிக்க உதவுமா என்றால், வாயு தயாரிப்பதுதான் சங்கடம். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி இரண்டரை கிலோ இரும்புத் தூளும் ஏறக்குறைய 4.4 கிலோ கந்தக அமிலமும் வேண்டும், அது தூக்குவது 1.1 கிலோ. ஆயிரம் கன மீட்டருக்கு இரண்டரை டன் இரும்பு, நாலரை டன் அமிலம். ரகசியமாகச் செய்யும் காரியமில்லை. லண்டன் பலூன்காரர்கள் கேஸ் தொழிற்சாலைக் குழாயிலிருந்து நிலக்கரி வாயுவை நிரப்பிக்கொண்டார்கள். தூக்குதிறன் ஏறக்குறைய பாதி, ஆனால் உடனே கிடைக்கும். தப்பிக்கும் காட்சியை கேஸ் தொழிற்சாலையில் வையுங்கள். பாதித் தூக்குதிறன் என்பதால் யாரையாவது அல்லது எதையாவது கீழே விட வேண்டிவரும். எஞ்சினை விடுவாளா, அவனை விடுவாளா?

---

ஊசிநூல்

1882 என்று முடிவானதால் உடையில் இரண்டு தப்பைத் தவிர்க்கலாம். கூண்டு மாதிரி விரியும் கிரினோலின் எப்போதோ போய்விட்டது. பாவாடையைப் பின்னால் புடைக்க வைக்கும் 'பஸ்ஸல்' (bustle) மோஸ்தரின் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வரப்போகிற இடைவெளி இது. பாவாடை ஒடுக்கம், உள்ளே நாடாக்கள் வைத்துத் துணியைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருப்பார்கள், நீளமாக அடியெடுத்து வைக்க முடியாது. ஏணி ஏற வேண்டுமென்றால் பாவாடையைக் கிழிக்க வேண்டாம், உள்நாடாவை அவிழ்த்தால் போதும். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அது தெரியும்.

கார்செட்டை வெறும் உடம்பில் போடுவதில்லை, உள்ளே ஷெமீஸ் என்ற மெல்லிய உள்சட்டை உண்டு. முன்பக்கம் எஃகுக் கொக்கி, பின்பக்கம் கயிறு. பின்கயிற்றைத் தளர்த்தாமல் முன்கொக்கி கழலாது. படபடப்பில் நாயகன் முன்கொக்கியோடு மல்லுக்கட்டுவதும், பாய்லரைப் பிரித்துப் பார்த்தவனுக்கு இது முடியவில்லையா என்று அவள் கேட்பதும் உங்கள் பாடு.

பட்டறையில் அவளுக்குக் கம்பளிப் பாவாடை. பருத்தியும் மஸ்லினும் பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும், கம்பளி கருகும். கண்ணாடிக்கவசம் அலங்காரத்துக்காக வேண்டாம், காரணமே இருக்கிறது: நீர்மட்டக் கண்ணாடி அடிக்கடி வெடிக்கும். அதனால் தொப்பியில் மாட்டி அழகு பார்க்காமல் பாய்லர் முன் நிற்கும்போது கண்ணில் போட்டிருக்கட்டும்.

"இன்றைய பெண்" குறைக்கு வருகிறேன். அவள் பெண்ணுரிமைச் சொற்பொழிவு செய்யும்போதுதான் இன்றைய பெண்ணாகிவிடுகிறாள். அந்தக் காலத்தில் இருந்த ஆட்கள் நடுவில் அவளை வையுங்கள். இங்கிலாந்தின் சங்கிலித் தொழில் ஊரான கிரேட்லி ஹீத்தில் பெண்கள் சங்கிலி அடித்தார்கள். அங்கே வளர்ந்தவள் என்றால் சுத்தியல் பிடிப்பது அவளுக்கு அதிசயமே இல்லை, தேநீர் விருந்தில் கையுறையை எப்போது கழற்றுவது என்பதுதான் குழப்பம். லண்டன் பல்கலைக்கழகம் 1878-ல் பெண்களுக்குப் பட்டத்தைத் திறந்துவிட்டது. பகுத்தறிவு உடைச் சங்கம் 1881-ல் தொடங்கி உள்ளாடை எடை ஏழு பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது. அந்தச் சங்கத்து அம்மாள் ஒருவர் அவளைத் தன் கட்சிக்கு இழுக்கப் பார்க்க, இவள் அந்த ஏழு பவுண்டையும் தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லலாம். மரபை மீறியவள் என்று கதைசொல்லி ஒரு முறைகூடச் சொல்ல வேண்டியிருக்காது.

---

பேய்க்கணக்கு

மாயம்: ஒரே ஒரு பொய் சொல்லுங்கள், மீதி எல்லாம் இயற்பியல்படி நடக்கட்டும். 1882 இதற்கும் தோதான ஆண்டு, லண்டனில் ஆவி ஆராய்ச்சிச் சங்கம் அதே ஆண்டு பிறந்தது. ஒளியைத் தாங்கும் ஈதர் என்ற கருத்துக்கும் இன்னும் மரியாதை இருந்தது, அதை ஆட்டங்காண வைத்த மைக்கல்சன் - மார்லி சோதனை 1887-ல்தான்.

என் யோசனை: பேய் வெப்பத்தைக் குடிக்கும். இவ்வளவே விதி. பேய் அருகில் வந்தால் அழுத்தமானியின் முள் இறங்கும், நீராவி சிலிண்டருக்குள்ளேயே தண்ணீராகும், பிஸ்டன் தட்டும். அதாவது பேய் செய்யும் சேதமும் அழுக்குத் தண்ணீர் பொங்கி சிலிண்டருக்குள் ஏறினால் வரும் சேதமும் ஒன்று போலவே இருக்கும். பொறியாளன் ஒவ்வொரு முறையும் சரியான, பேயில்லாத விளக்கம் வைத்திருப்பான். இதற்கு விலையும் தானாக வருகிறது: பேயை வைத்துக் காரியம் சாதிக்க வேண்டுமென்றால் நிலக்கரி கூடுதலாக எரிக்க வேண்டும். வால்வு சொன்ன 45 பவுண்டை 90 ஆக்குங்கள், அத்தை புலம்பட்டும்.

நக்கலுக்கு ஒரு வழி. இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் தெரியாத மாதிரி பேச வேண்டும். சட்டப்பொடி சொன்ன வீட்டு உபயோக விலக்கை வைத்துப் பாருங்கள்:

"இந்த பாய்லர் எதற்குப் பயன்பட்டது, மிஸ்?"
"தேநீருக்கு."
"பத்து குதிரைத்திறனிலா?"
"விருந்தாளிகள் அதிகம்."
"கோப்பைகளைப் பார்க்கலாமா?"
"வெடிப்பில் உடைந்துவிட்டன."
"எல்லாமா?"
"ஒன்று மிஞ்சியிருக்கிறது. நீங்கள் அதில்தான் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்."

வீட்டு உபயோக விலக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன் பக்கத்தில் அதை வாசகருக்குச் சொல்லிவிட்டால் இந்த எட்டு வரி தானாக ஓடும். உவமை, கண்சிமிட்டல், "குறும்பாகச் சிரித்தாள்" எதுவும் வேண்டாம்.

விளிப்பதில் கறாராக இருங்கள். மணமாகாத மூத்த மகள் "மிஸ்" கூடக் குடும்பப் பெயர். தங்கை இருந்தால் அவளுக்கு முதல் பெயரும் சேரும். "சர்" பட்டக்காரருக்கு முதல் பெயரோடுதான் வரும், குடும்பப் பெயரோடு மட்டும் வராது. கடைசி அத்தியாயங்கள் வரை இருவரும் "நீங்கள்" என்றே பேசட்டும். "நீ" முதலில் அவள் வாயிலிருந்து வரட்டும், அதுவும் தீயை வாரச் சொல்லித் திட்டும்போது.

---

நீராவிக்காரி

கடைசியாக ஒன்று. டிசம்பரில் அவன் விசாரணைக்காக வெளியூரில் இருக்கிறான். தந்தியில் சண்டை போட வைக்கலாமா, எவ்வளவு ஆகும்?

---

சட்டப்பொடி

1882-ல் 20 வார்த்தைக்கு ஒரு ஷில்லிங், கூடுதல் வார்த்தைகளுக்குத் தனிக் காசு. அனுப்புபவர், பெறுபவர் பெயரும் முகவரியும் கணக்கில் சேராது. காசு மிச்சம் பிடிப்பவள் என்றால் திட்ட வேண்டியதை எல்லாம் முகவரியிலேயே எழுதலாம், தந்தி எழுத்தர் எவ்வளவு தூரம் விடுவார் என்பது வேறு. 1885-ல் 12 வார்த்தைக்கு ஆறு பென்ஸ் ஆனபோது முகவரிக்கும் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் ஆண்டை மட்டும் மாற்றாதீர்கள்.